அடி வெட்டிய எண்ணெய் டின்

ஜெனிட்டா, உட்கார்ந்து படி. நின்றுகொண்டே படித்தால் பாதியிலேயே வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு சண்டை போடக் கிளம்பி வந்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இத்தனை நீளமாக இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன். உன் அம்மாவைப் பெண் கேட்டு அவள் வீட்டுக்கு எழுதிய கடிதம் அது. அதில் பாதி பொய். இதில் பொய் கிடையாது, ஆனால் இது முழுக்க ஒரு பொய்யைப் பற்றித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் உன் குரல் போனில் வந்து விழுந்தது. “பப்பா, முடிவு பண்ணியாச்சு. எங்க மகளிர் குழு இருக்க குடியிருப்புல மொட்டைமாடி எல்லாத்துலயும் தக்காளியும் மிளகாயும் வைக்கப் போறோம். பெரிய தொட்டி வேண்டாம், அஞ்சு லிட்டர் கேன் போதும்னு சொல்லிட்டேன். எங்க பப்பா எண்ணெய் டின்லயே பீப்பாய்க்குச் சமமா காய்க்க வச்சாவ, மீன் கழுவுன தண்ணிதான் சூட்சுமம்னு கூட்டத்துல சொன்னேன். எல்லாரும் கை தட்டுனாவ பப்பா! வெள்ளிக்கிழமை ஆர்டர் கொடுக்கேன்.” உன் அம்மா அரிவாள்மணையில் சாளை மீன் ஆய்ந்துகொண்டே இதைக் கேட்டாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “மக அப்பனுக்குக் கோயில் கட்டுதா. சாமி எப்ப வாயத் தொறக்கப் போவுது?” என்றாள்.

திறந்து பார்த்தேன். திங்கள்கிழமை உனக்குப் போன் போட்டு, “ஏளா, அந்த எண்ணெய் டின் இருக்குல்லா...” என்று ஆரம்பித்தேன். நீ அதற்குள், “அதத்தான் பப்பா எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு அலையுதேன்!” என்று சிரித்தாய். நான் உடனே மத்தியானம் என்ன குழம்பு என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். நேற்று மறுபடியும் போட்டேன். இந்தத் தடவை மழை பெய்ததா என்று கேட்டேன். குலசேகரன்பட்டினம் பக்கம் இந்த மாதத்தில் மழையா என்று நீ சந்தேகப்பட்டாய். உன் அம்மா வாசலில் நின்று, “ரெண்டு தடவ கூப்புட்டு குழம்பும் மழையும் விசாரிச்சாச்சு. நாளைக்கு ஆட்டுக்குட்டி எப்படியிருக்குன்னு கேளுங்க” என்றாள். ஆட்டுக்குட்டி என்று அவள் ஏன் சொன்னாள் என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் உனக்குப் புரியும். அதனால்தான் பேப்பரும் பேனாவும். பேப்பர் குறுக்கே பேசாது.

நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது கையில் ஆறு தக்காளி நாற்றோடு வந்து நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நாற்று உன் விரல் நீளம்தான், உன் மூக்குதான் பெரிதாக இருந்தது. “பப்பா, தொட்டி பெருசாக பெருசாக நிறைய காய்க்கும்னு டீச்சர் சொல்லுதாவ. வச்சுப் பாத்து எழுதிட்டு வரச் சொல்லியிருக்காவ. பொருட்காட்சில வைப்பாவளாம்” என்றாய். நான் அப்போது தோணியில் சரக்கு அடுக்குகிறவன். மாலத்தீவுக்குப் போகிற தோணியில் வெங்காய மூட்டையும் செங்கலும் ஏற்றும்போது நடுவில் ஒரு விரல் நுழைய இடைவெளி இருந்தாலும் எனக்கு உடம்பு அரிக்கும். தோணியை நடத்திப் போகிற தண்டல், “இனி ஒரு மூட்டை போகாதுடே” என்று கையை விரித்த பிறகு, அடுக்கைக் கலைத்துத் திருப்பி அடுக்கி இன்னும் பதினைந்து மூட்டை ஏற்றிக் காட்டுவேன். துறைமுகத்தில் எனக்கு மரியாதை அந்த ஒன்றுக்குத்தான். அப்படிப்பட்டவனிடம் வந்து, செடிக்கு இடம் வேண்டும் என்கிறாய். “ஏளா, இடம் கேக்கது சோம்பேறிச் செடி. நான் எண்ணெய் டின்லயே காய்க்க வைக்கேன், உங்க டீச்சர வந்து பாக்கச் சொல்லு” என்றேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் போட் இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த சூசை இதைக் கேட்டுவிட்டான். அதுதான் வினை. “ஏலே, வெங்காயம் மூட்டைக்குள்ள அடங்கும். அதுக்கு உசுரு அடங்கிப் போச்சு. செடி அடங்காதுலே. தோத்தா மீசைய எடுக்கியா?” என்றான். என் மீசை அப்போது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். சரி என்றேன். ஐந்து லிட்டர் எண்ணெய் டின் இரண்டு, இருபது லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு, ஒரு நீல பீப்பாயை நடுவே அறுத்து இரண்டு பாதி. ஒவ்வொன்றிலும் ஒரு நாற்று. பின்வாசல் மணலில் வரிசையாக வைத்தாய். ஒரே மண், ஒரே உரம், அளந்து ஊற்ற ஒரே டம்ளர். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உடுப்பு மாற்றாமல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய்க் குந்திவிடுவாய். பழம் வந்தபோது சூசையிடம் மீன் நிறுக்கும் தராசை வாங்கி நிறுத்தாய். அந்தத் தக்காளியை ரசத்தில் போட உன் அம்மா சம்மதிக்கவே இல்லை. வீச்சம்.

முதல் மாதம் ஆறு செடியும் ஒன்றாகத்தான் இருந்தன. நான் சூசையைப் பார்த்து மீசையை முறுக்கினேன். அதற்குப் பிறகு வாளிச் செடியும் பீப்பாய்ச் செடியும் கிளை விட்டு விரிய ஆரம்பித்தன. டின்னில் இருந்த இரண்டும் அப்படியே நின்றன. காலையில் தண்ணீர் ஊற்றினால் பதினோரு மணிக்கெல்லாம் தொங்கிவிடும். கச்சான் காற்று அடிக்கிற மாதம் வேறு. மேற்கிலிருந்து அடுப்பைத் திறந்த மாதிரி வீசும். தகரத்தைத் தொட்டால் கை சுடும். பூ வரும், வந்த மறுநாளே உதிரும். ஒன்றிரண்டு காய் பிடித்தாலும் அடியில் கறுத்து அழுகிவிடும். சுண்டைக்காய் அளவுக்கு ஒரு காய். சூசை தினமும் மதிலில் தாடையை வைத்துக்கொண்டு, “சவரக் கத்தி என்ட்ட இருக்குலே, நீ வாங்காண்டாம்” என்பான்.

ஜெனிட்டா, இப்போது வருகிறது.

நீ பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு வியாழக்கிழமை, எனக்கு வேலை இல்லை. உளியை எடுத்தேன். இடது பக்கத்து டின்னை மெதுவாகச் சாய்த்து அதன் அடித்தகட்டை வட்டமாக வெட்டி எடுத்தேன். அது நின்ற இடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, ஆட்டுச் சாணமும் ஆற்று வண்டலும் நிரப்பி, அதன்மேல் டின்னை உட்கார வைத்து, சுற்றிலும் மணலை இழுத்துவிட்டுத் தடவிச் சமமாக்கினேன். வெளியே இருந்து பார்த்தால் அதே எண்ணெய் டின். உள்ளே அந்தச் செடிக்கு ஊர் பூராவும் இடம். பதினைந்து நாளில் அது எழுந்தது பார், டின்னை மறைத்துக்கொண்டு இலை இறங்கியது. காய்கள் கொத்துக் கொத்தாக. சூசை வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். நான் மீசைக்கு எண்ணெய் போட்டேன். இத்தனை வருடமாக என் முகத்தில் இருக்கிற மீசை எனக்கு உரிமை இல்லாதது என்று இன்றைக்கு எழுதித் தருகிறேன்.

நீ சும்மா இருந்தாயா? நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாய். “பப்பா, ரெண்டும் ஒரே டின்தான? எடது டின் ஏன் இப்படி வளருது? வலது டின் ஏன் அப்படியே நிக்கி?” உன் அம்மா கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தச் சட்டி என் கண்ணில் பட்டது. அதற்கு மேல் நான் யோசிக்கவே இல்லை. “எடது டின்னுக்கு நான் மீன் கழுவுன தண்ணி ஊத்துதேன்லா” என்றேன். நீ அதை எழுதினாய். எழுதி முடித்துவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, “அப்ப இன்னைலேர்ந்து வலது டின்னுக்கும் ஊத்துங்க பப்பா. அதுவும் வளந்தாத்தான் நீங்க சொல்லுதது உண்மை” என்றாய். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை! எந்தப் புத்தகமும் சொல்லித் தராமல் கேட்டாய். நான் அந்த இடத்தில் பயந்தேன், ஆனால் அதைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது. திருடனுக்கு போலீஸ்காரர் மேல் பெருமை வந்தால் எப்படி இருக்கும், அப்படி.

ஊற்றினேன். பொய் உண்மையாகிவிடாதா என்ற நப்பாசையில் பத்து நாள் வலது டின்னுக்கு மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினேன். முதலில் இலை கொஞ்சம் கறும்பச்சை ஆனது. பத்தாம் நாள் காலையில் பார்த்தால் ஓரமெல்லாம் தீய்ந்திருந்தது. மீனில் ஒட்டியிருக்கிற கடலுப்பு அவ்வளவு சின்ன டின்னில் எங்கே போகும்? இருந்த பூவும் கொட்டியது. நீ சாயங்காலம் வந்து அளப்பதற்குள் அதைப் பிடுங்கிவிட்டேன். டின்னைக் கவிழ்த்துத் தட்டினேன். மண் விழவில்லை. டின் எந்த உருவமோ அதே உருவத்தில் வேர் வந்தது. தோணியில் நங்கூரக் கயிற்றைச் சுருட்டி வைப்போமே, அந்த மாதிரி சுற்றிச் சுற்றிச் சுற்றி, போக வழி இல்லாமல் தன்னையே சுற்றிக்கொண்டு கிடந்தது. நடுவில் ஒரு பிடி மண்கூட இல்லை. பிறகு தூக்கிக் கடலில் எறிந்துவிட்டு வந்து உன்னிடம் ஆடு தின்றுவிட்டது என்றேன். நீ அழுதாய். அழுதுகொண்டே வலது டின் என்ற கட்டத்தில் ‘ஆடு’ என்று எழுதினாய். சூசை வீட்டு ஆட்டுக்குட்டியோடு நீ ஒரு மாதம் பேசவில்லை. அது பாவம், உன் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தது.

பொருட்காட்சியில் எல்லாரும் உன்னைச் சுற்றி நின்றார்கள். இடத்தைவிட மீன் தண்ணீர் பெரியது என்று நீ விளக்கினாய். பரிசு கொடுத்தார்கள். அதிலிருந்து உனக்குச் செடிப் பைத்தியம் பிடித்தது. தாவரவியல் படித்தாய். நாம் வீடு மாறியபோது நீ ஹாஸ்டலில் இருந்தாய். அந்த இடது டின்னை மட்டும் என்னால் தூக்க முடியவில்லை. செடி செத்து வருடக்கணக்காகியும் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. கடப்பாரை போட்டு நெம்பினேன். அடி இல்லாத டின் கையோடு வந்தது. உன் அம்மா பார்த்துவிட்டாள். டின் வழியாக என்னைப் பார்த்தாள். “பிள்ளைட்ட எப்ப சொல்லப் போறிய?” என்றாள். படிப்பு முடியட்டும் என்றேன். முடிந்தது. வேலை கிடைக்கட்டும் என்றேன். கிடைத்தது. அதற்கப்புறம் சொல்ல எனக்கு என்ன சாக்கு இருந்தது என்று எனக்கே ஞாபகம் இல்லை.

நீ ஒரு தடவை லீவுக்கு வந்தபோது சொன்னாயே, கல்லூரியில் உன் பேராசிரியர் வேருக்கு இடம் குறைந்தால் தண்டும் இலையும் காயும் எல்லாம் குறையும் என்று பாடம் நடத்தியபோது, எழுந்து நின்று, “சார், எங்க வீட்டுல டின்லயே காய்ச்சுது” என்றாயாம். “புஸ்தகத்துல வேற மாதிரி இருக்கு பப்பா. ஆனா நான் கண்ணால பாத்தது இருக்குல்லா” என்றாய். புத்தகத்தைவிட என்னை நம்பினாய். அன்றைக்கு நான் ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டேன். இதுவரை அந்தப் பொய்யால் கெட்டது உன் நோட்டும் ஒரு ஆட்டுக்குட்டியின் பேரும்தான். வெள்ளிக்கிழமை நீ ஆர்டர் கொடுத்தால் அப்படி இல்லை. அந்தக் குடியிருப்புப் பெண்கள் மூன்று மாடி மண் சுமப்பார்கள். விடிந்ததும் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏலத்துக்கு ஓடுகிறவர்கள், உப்பளத்துக்குப் போகிறவர்கள். மத்தியானம் வந்து பார்த்தால் செடி தொங்கிக் கிடக்கும். நீ சொன்னபடி மீன் தண்ணீர் ஊற்றுவார்கள். இலை தீயும். அவர்கள் என்னைத் திட்ட மாட்டார்கள், என்னை அவர்களுக்குத் தெரியாது. தங்கள் கைராசி சரியில்லை என்று நினைப்பார்கள். அப்புறம் நீ எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அதனால் கேள். உன் நோட்டில் டின் கட்டங்களை அடித்துவிடு. வாளிக் கட்டமும் பீப்பாய்க் கட்டமும் சுத்தமானவை, அதில் நான் கை வைக்கவில்லை. அதைப் பார்த்தால் உனக்கே தெரியும், வாளிக்கும் பீப்பாய்க்கும் இடையே ஒரு தக்காளிச் செடிக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. பீப்பாய் பகட்டுதான். தக்காளிக்கும் கத்தரிக்கும் பெயிண்ட் வாளி வை. மிளகாய் அதில் பாதியிலும் மனசார நிற்கும். கீரைக்கு ஆழமே வேண்டாம், மீன் பெட்டி போதும், ஆனால் உப்புப் போக நாலு தடவை அலசிவிட்டு வை. நாற்றைச் சின்னக் குப்பியில் ரொம்ப நாள் வைத்திருக்காதே. அடியில் வேர் சுற்ற ஆரம்பித்த நாற்றைப் பெரிய வாளியில் வைத்தாலும் அது பழைய நினைப்பிலேயே வட்டம் போடுகிறது, நான் பார்த்திருக்கிறேன். நடும்போது விரலால் வேரைக் கொஞ்சம் பிரித்துவிடு. மீன் தண்ணீர் வேண்டும் என்றால் நல்ல தண்ணீரில் கழுவியதை, அதையும் ஒன்றுக்குப் பத்தாகக் கலந்து, எப்போதாவது.

வாளி கனமாச்சே, மாடி தாங்குமா என்று கேட்பாய். இங்கேதான் உன் பப்பா உதவுவான். பாரம் வைப்பது நான் படித்த ஒரே படிப்பு. முழுக்க மண்ணைப் போடாதே, பாதிக்கு மேல் தேங்காய் நார்க்கழிவைக் கலந்துகொள். வாளிகளைக் கீழே சுவர் தாங்குகிற ஓரங்களில் வை, மாடி நடுவில் ஒன்றுகூட வைக்காதே. அதற்கு முன்னால் கட்டிடம் தெரிந்த உங்கள் இன்ஜினீயர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டிவிடு. வீட்டுக்குப் பத்துக் கேன் என்று நீ போட்ட இடத்தில் வீட்டுக்கு மூன்று வாளி போடு. குறைவாகத் தெரியும். தெரியட்டும். நெருக்கி அடுக்குவதில் நாற்பது வருடம் பேர் வாங்கியவன் சொல்கிறேன், இதில் நெருக்காதே.

இன்னொன்று. போன வருடம் குழுக் கூட்டத்தில் வங்கிக்காரர் முன்னால் நீ பேசியதை நான் பின்னால் நின்று கேட்டேன். உனக்குத் தெரியாது. ஒரு பெண் குறுக்கே கேள்வி கேட்டதும் நீ நிறுத்தி, “எனக்குத் தெரியல அக்கா, கேட்டுட்டு வந்து சொல்லுதேன்” என்றாய். அத்தனை பேர் முன்னால், முகம் சுளிக்காமல். எனக்கு அது வந்ததே இல்லை. தெரியாது என்று சொல்வதற்குப் பதிலாக நான் டின்னை வெட்டுவேன். அந்தக் குணம் உனக்கு என்னிடமிருந்து வரவில்லை என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மூக்கு மட்டும்தான் என்னுடையது. அதற்கு மன்னித்துக்கொள்.

கூட்டத்தில் கை தட்டியவர்களிடம் நீ போய், நான் சொன்னது தப்பு என்று சொல்லியாக வேண்டும். அதை நீ செய்வாய், ஒரு நாள்கூடத் தள்ளிப் போட மாட்டாய். ஆனால் தப்பு உன்னுடையது இல்லை, அதைச் சேர்த்துச் சொல். இந்தக் கடிதத்தையே வாசித்துவிடு, மீசை வரைக்கும். சிரிப்பார்கள். வேண்டும் என்றால் பஸ் ஏறி வந்து நானே முன்னால் நிற்கிறேன். நீ என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கிறாயோ இரு. கடைக்காரரோடு மட்டும் நாளைக்கே பேசிவிடு.

உன் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள், ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்ப. “முடிஞ்சுதா, இல்ல இன்னும் ஜோடிக்கப் போறியளா?” என்கிறாள். முடிந்தது. தபாலில் போட்டால் நடுவில் எங்கேயாவது நானே போய்த் திரும்ப வாங்கிவிடுவேன். அவள் கையில் கொடுத்துவிட்டால் வாங்க முடியாது. கொடுக்கிறேன்.